மஞ்சள் போட்ட ரேடியேட்டர்

கலஹாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் அன்று அங்கம்மாவின் பதினாறாம் நாள் கருமாதி. யுகேஷ் பகல் இரண்டு மணிக்கே கெலிஓயாவிலிருந்து காரில் புறப்பட்டுவிட்டான். அவனுக்கு அந்த வீட்டோடு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. நான்கு மாதத்துக்கு முன் தன் பழைய வேனை அங்கம்மாவின் புருஷன் அழகையாவுக்கு விற்றவன், அவ்வளவுதான். ஆனால் அழகையாவே போன் எடுத்துக் கூப்பிட்டிருந்தார்.

"நீங்க கட்டாயம் வரணும் தம்பி. ஒங்க வேன நான் கெடுத்துப்புட்டேன். ஒங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து யுகேஷுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்க வேண்டியவன் யார் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வேனின் ரேடியேட்டரில் ஒழுக்கு இருந்தது. நீளமான மேட்டில் ஏற்றினால் சூடேறி நின்றுவிடும். புது ரேடியேட்டர் போட வேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். அவனோ வேனைப் பார்க்க ஆள் வருவதற்கு முதல் நாள், சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துப்போய் நாலு கரண்டி உள்ளே கொட்டி இஞ்சினை ஓடவிட்டான். மஞ்சள் ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாளைக்கு. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் வீடு போய்ச் சேரச் செய்கிற வேலை அது. அவன் அதை அடுத்தவன் தலையில் கட்டுவதற்குச் செய்தான். மூடியைத் திறந்தால் மஞ்சள் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும் என்று, "அத மட்டும் தெறந்துறாதீங்க அண்ணே, கம்பெனி சீல் அப்புடியே இருக்கு" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டான்.

அழகையா தோட்டத்து பெக்டரியில் வேலை பார்த்தவர். லைசன்ஸ் எடுத்து ஒரு வருடமும் ஆகவில்லை. நம்பிவிட்டார்.

கூட வந்திருந்த அங்கம்மாதான் வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. "தம்பி, இது எங்க மலைய ஏறுமா? ராத்திரி பகல்னு சொகமில்லாத ஆளுகளக் கொண்டுபோக ஒண்ணுமில்ல எங்களுக்கு. அதுக்காகத்தான் வாங்குறோம்" என்றாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஏத்தலாம் அக்கா" என்றான் யுகேஷ்.

பேராதனையைத் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. கலஹாவைக் கடந்து தோட்டத்து ரோட்டில் திரும்பியபோது மூன்றரை மணிதான். ஆனாலும் தேயிலைக்கு மேலே மூடுபனி இறங்கிவிட்டது. லைட்டைப் போட்டாலும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கிச் சின்னப் பாலம் ஒன்று வந்தது. அதைத் தாண்டி ரோடு ஏறத் தொடங்கிய இடத்தில் காருக்குள் ஒரு வாசம் எழுந்தது.

கொதிக்கிற மஞ்சளின் வாசம்.

யுகேஷ் சட்டென்று சூட்டு முள்ளைப் பார்த்தான். அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. காரில் ஒரு குறையும் இல்லை. தனக்கு ஓட்ட வாங்கும்போது எல்லாவற்றையும் திறந்து பார்த்துத்தான் வாங்கியிருந்தான்.

கண்ணாடியை இறக்கினான். வாசம் போகவில்லை.

பின்சீட்டில் யாரோ மூச்சு விட்டார்கள்.

இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கிற மூச்சு.

அவன் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு பெண்குரல், தொந்தரவு தருகிறோமே என்று தயங்குவதுபோல் மெதுவாகக் கேட்டது.

"நா எறங்கிக்கவா? பாரம் கொறையுமே."

அந்த மேட்டை எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. லயத்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்சீட்டில் யாருமில்லை.

அழகையா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மொட்டையடித்த தலை, உள்ளே போன கண்கள். வந்திருந்தவர்களை விலக்கி அவனை ஒரு கதிரையில் உட்காரவைத்து, முதல் பந்தியிலேயே சோறு போட்டார். சுவரில் மாலை போட்ட படத்தில் அங்கம்மா இருந்தாள். படத்துக்குக் கீழே அவள் மகன் ரமேஸ் அப்பனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கொழும்பில் வேலை செய்கிறவன். சாவுக்கு வந்த நாளிலிருந்து அப்பனோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று பக்கத்தில் சாப்பிட்டவர் காதோடு சொன்னார்.

"அவன் பேசாதது நியாயந்தான்" என்றார் அழகையா. அவருக்கும் கேட்டிருந்தது. "அன்னைக்கி மத்தியானம் அவளுக்கு நெஞ்சு வலி. வேன்ல ஏத்திக்கிட்டுப் போனேன். பாலத்தத் தாண்டி அந்தப் பக்கத்து மேட்டுல ஆவி கெளம்பி நின்னுருச்சு. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. நா ஒருபக்கம் கதவப் புடிச்சுத் தள்ளுறேன், அசையமாட்டேங்குது. 'நா எறங்கிக்கவா, பாரம் கொறையுமே'ன்னா. வேணாம்னுதான் சொன்னேன் தம்பி."

யுகேஷின் கையில் இருந்த சோறு இலையில் விழுந்தது.

"கொஞ்சத்துல வேன் நகர ஆரம்பிச்சிருச்சு. என் பெலம்னு நெனச்சேன். அம்பதடி போயித் திரும்பிப் பாத்தா, அவ எறங்கிப் பின்னால ரெண்டு கையையும் வச்சுத் தள்ளியிருக்கா. பாத்தப்போ ரோட்டுல கெடந்தா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க மூடியத் தெறக்க வேணாம்னு சொன்னது சரிதான். இருந்தாலும் நான் ஒருக்கா தெறந்து தண்ணி பாத்துருக்கணும். நல்ல வேனு. நாந்தான் கெடுத்தேன், நாந்தான் அவளக் கொன்னேன். நீங்க என்னய மன்னிக்கணும்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். யுகேஷ் மென்று முழுங்கினான். "விதி அண்ணே" என்றான்! அதைச் சொன்ன வாயை அவனே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அவர் கையால் தண்ணீர் வாங்கிக் கைகழுவிவிட்டு, கூனிக் குறுகிப் படியிறங்கினான்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான்.

மஞ்சள் வாசம்.

மூச்சு.

சாவியைத் துவாரத்துக்குள் சொருகினான்.

"தம்பி."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அப்பங்கிட்ட பேசச் சொல்லுங்க மகன. அவரு மேல ஒண்ணுமில்லன்னு ஒங்களுக்குத்தான தெரியும்."

அதில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது. திட்டியிருந்தால்கூட அவன் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். கதவைத் திறந்து இறங்கி, அத்தனை சனத்துக்கும் நடுவில் போய் நின்றான்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் கெடுக்கல. அது கெட்ட வேன். ரேடியேட்டர்ல மஞ்சள் போட்டு அடச்சுத்தான் ஒங்களுக்கு வித்தேன். மூடிய ஏன் தெறக்க வேணாம்னேன்னா, தெறந்தா தெரிஞ்சிரும். சீல்னு சொன்னது பொய்."

ரமேஸ்தான் முதலில் அசைந்தான். யுகேஷின் சட்டைக் கொலரை அவன் பிடித்தபோது யாரும் தடுக்கவில்லை. யுகேஷும் கையைத் தூக்கவில்லை.

"விடு" என்றார் அழகையா. மகனின் கை இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரமேஸ் "அப்பா" என்றான். அப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

மகனை அணைத்துக்கொண்டே அழகையா யுகேஷைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது 'தம்பி' இல்லை.

"வேனக் கொண்டுபோங்க. பேப்பர் இன்னும் ஒங்க பேர்லதான் இருக்கு. நல்லாக்கித் திருப்பித் தாங்க. இங்க இன்னும் சொகமில்லாத ஆளுக இருக்கு."

பலாமரத்தடியில் நின்ற வேனின் சில்லுகளுக்கு அடியிலிருந்து கல்லை எடுத்துவிட்டது ரமேஸ்தான். யுகேஷ் தன் காரை அங்கேயே விட்டுவிட்டு, இஞ்சினைப் போடாமல் நியூட்ரலில் வேனைச் சரிவில் இறக்கினான். கலஹா சந்தி கராஜ்வரைக்கும் பெரும்பாலும் இறக்கந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கத்து மேட்டை மட்டும் யாரையாவது பிடித்துத் தள்ளிக் கடந்துவிடலாம் என்று நினைத்தான். ஆறு மணி இருக்கும். பனி வெள்ளையாக ரோட்டை மூடியிருந்தது. மூக்கில் எந்த வாசமும் இல்லை. அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. சொல்லியாயிற்று, இனி அவள் போயிருப்பாள் என்று நம்பினான்.

பாலத்தைத் தாண்டி வேன் மேட்டில் கொஞ்சத் தூரம் ஏறி, வேகம் செத்து நின்றது.

பிரேக்கை அழுத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். ஆளில்லை.

வேன் நகர்ந்தது.

பின்னுக்கல்ல, மேட்டின் மேல் பக்கமாக.

கண்ணாடியில் பனி மட்டுமே தெரிந்தது. ஆனால் பின்கதவுத் தகரம் யாரோ இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்தாற்போல் கிறீச்சிட்டது. பிறகு அந்த மூச்சு கேட்டது. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து.

"வேணாம் அக்கா!" என்று கத்தினான். "விட்டுருங்க! நா எறங்கித் தள்ளுறேன்!"

பிரேக்கைத் தன் பாரம் முழுவதையும் போட்டு மிதித்தான். வேன் நிற்கவில்லை. மூச்சுதான் மோசமானது. அவன் மிதிக்க மிதிக்கப் பின்னால் அவளுக்கு நெஞ்சு அடைத்தது, தொண்டைக்குள் ஏதோ சிக்கி விக்கியது.

அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. அழுதுகொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வேன் மெல்ல மெல்ல மேடேறியது.