பாயிண்ட் நாலில் பாதி

யுவஸ்ரீ ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தாள். அதற்குள் வெளியிலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"அம்மணி, ஒரு நிமிசம்... அடைச்சுப்போடாதீங்க."

குனிந்து பார்த்தாள். தொப்பலாக நனைந்த ஒருவன் நின்றிருந்தான். தோளில் ரெக்சின் பை, கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. இமையில் மழைத்துளி தங்கி நிற்க, அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... தூங்காத கண்கள், பயந்துபோன கண்கள். நல்ல கண்கள்தான் என்று மனசு சொன்னது. நேரங்கெட்ட மனசு.

"இன்னிக்கு ஆயுத பூஜைங்க. நாமக்கல்லுல எந்தப் பட்டறையும் ஓடாது. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வந்து பிரயோசனமில்லீங்க. உள்ள ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?"

அவ்வளவுதான், சுருக்கென்று வந்தது கோபம். பாலிடெக்னிக் முடித்து ஐந்து வருஷமாகத் தங்கள் பட்டறையின் இந்த மில்லிங் மிஷினுக்குப் புரோகிராம் எழுதுவதும் அவள்தான், ஓட்டுவதும் அவள்தான். வருகிறவர்கள் எல்லாம் அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து இதையேதான் கேட்பார்கள்.

"ஆம்பளைங்க வேணும்னா பஸ் ஸ்டாண்டுல நெறைய நிப்பாங்க. மிஷின் ஓட்ட ஆள் வேணும்னா எங்கிட்டச் சொல்லுங்க."

அவன் காது மடல் சிவந்தது. துணியைப் பிரித்தான். உள்ளே இரண்டாக முறிந்த ஒரு குட்டி ஷாஃப்ட்டும், ஒரு சாண் நீள இரும்பு ராடும் இருந்தன.

அவன் பெயர் ஜெகதீஸ்வரன். சேலத்தில் ஒரு கம்பெனியில் சிஎன்சி லேத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவன், பூஜை லீவுக்கு மோகனூர் வந்திருக்கிறான். அவன் அப்பா அங்கே சின்னதாகக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறார். காலையில் அடைகாக்கும் மிஷினின் காற்றாடி ஷாஃப்ட் முறிந்துவிட்டது. உள்ளே முப்பத்தெட்டாயிரம் முட்டைகள், பதினேழு நாள் ஆனவை.

"உள்ள குஞ்சு உருவாயிருச்சுங்க. அதுக சூடே அதுகளுக்கு எமன். காத்து சுத்தலைன்னா வெந்து போயிரும். கதவைத் தொறந்து டேபிள் ஃபேன் வெச்சிருக்கோம்... மிஞ்சிப் போனா நாலு மணி வரைக்கும் தாங்குமுங்க."

"லேத்துக்காரங்ககிட்டப் போறதுதானுங்க?"

"ஒம்பது பட்டறை ஏறி எறங்கிட்டேன். எல்லாம் பூட்டு. இந்த ராடு பழைய மிஷின்ல இருந்து அறுத்தது. இது ஒண்ணுதான் இருக்குது."

மணி ஒன்று. நாலு மணி என்றதும் அவளுக்கு வேறொன்று உறைத்தது. அதே நாலு மணிக்குத்தான் ராசிபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். புரட்டாசி என்பதால் சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சீக்கிரம் வந்து தலைக்குக் குளி என்று காலையிலிருந்து அம்மா ராசாத்தி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

"இது மில்லுங்க, லேத்து இல்ல" என்றாள். "இதுல கட்டர்தான் சுத்தும், வெட்டற ஜாப்பு அசையாது. உருளையாக் கடையறதுக்கு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை மிஷினுக்குப் போய்விட்டது. கட்டர் பிடிக்கிற இடத்தில் ராடைப் பிடித்தால்? ராடு சுற்றும். கீழே வைஸின் இரும்புப் பிடியில் லேத் டூலை நட்டுவைத்தால்? சுற்றுகிற ராடு இறங்கி இறங்கி டூலில் உரசும்...

"டூல் வெச்சிருக்கீங்களா?"

அவன் பையைத் திறந்து காட்டினான். அந்த முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

மிஷினில் செவ்வந்தி மாலை தொங்கியது. கதவில் சந்தனமும் குங்குமமும் இன்னும் ஈரமாக இருந்தன. பூஜை போட்ட மிஷினை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது, தொட்டால் வருஷம் பூரா விளங்காது என்பார்கள். யுவஸ்ரீ ஒரு நிமிஷம் தயங்கினாள். அப்புறம் மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாக வைத்தாள். முப்பத்தெட்டாயிரம் உயிர் என்றால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

ராடை, கட்டர் பிடிக்கிற கோலெட்டில் இறுக்கினாள். டூலை நிமிர்த்தி வைஸில் பிடித்தாள். டூல் முனை ராடின் நடு மையத்துக்கு நேராக வரவேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலும் வேலை கெட்டுவிடும். டயலை வைத்து அவள் பார்க்க, அவன் டார்ச் அடித்தான். தோளுக்கும் தோளுக்கும் நாலு விரல் இடைவெளி. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டையிலிருந்து மழை வாசம்...

"டார்ச்சை அங்க அடிங்க. என் மூஞ்சில அடிக்கறீங்க."

"கை தானாத் திரும்பிக்குச்சுங்க."

"கைக்கும் புரோகிராம் எழுதோணுமாட்ட இருக்குது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். முதல் வெட்டு விழுந்தது. இரும்பு நூல் நூலாகச் சுருண்டு விழ, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். ராடு பளபளவென்று குறைந்துகொண்டே வந்தது. நிறுத்தி அளந்தாள். இருபது புள்ளி நாலு மில்லிமீட்டர். அவன் கொண்டுவந்திருந்த பேரிங் உட்கார இருபது வேண்டும். இன்னும் பாயிண்ட் நாலு குறைய வேண்டும். மணி இரண்டு நாற்பது.

அப்போது பார்த்து அம்மாவின் போன். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னறைக்கு ஓடினாள்.

"எங்கடி இருக்கற? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கெளம்பிட்டாங்களாம். பட்டறைப் பக்கமே போகாத புள்ளையாட்டம் வந்து நில்லு, சாமி. கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலையெல்லாம் வேண்டாம்னு அவங்க சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

"வாரேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்து ஸ்டார்ட் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனாள். ஆனால் பட்டனைத் தொடுமுன் திரையை ஒருமுறை முழுக்கப் படிப்பது அவள் பழக்கம். படித்தாள். கை அப்படியே நின்றது. டூல் திருத்தம் காட்டும் பக்கத்தில், அவள் போடாத ஒரு எண் இருந்தது. மைனஸ் பாயிண்ட் நாலு.

"இதை யாரு தொட்டது?"

"நாந்தானுங்க... நேரமாகுதேன்னு. பாயிண்ட் நாலுதானுங்களே கொறையோணும்?"

"லேத்துல நீங்க எழுதறது விட்டம். மிஷினே அதைப் பாதியாக்கிக்கும். மில்லுக்கு அது தெரியாது. பாயிண்ட் நாலு நகருன்னா பூராவும் நகரும். சுத்தற ராடு இல்லீங்களா, ஒரு பக்கம் நகர்ந்தாலே ரெண்டு பக்கமும் கொறையும். பாயிண்ட் எட்டு போயிருக்கும்." திரையில் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "பாயிண்ட் ரெண்டு நகர்ந்தாப் போதும். பாதி போதும்."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இருந்த ஒரே ராடு... அந்தப் பட்டனை அவள் அழுத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

சமாளிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். வழக்கமாக அப்படித்தான், மிஷின் சரியில்லை என்பார்கள், அளவு தப்பு என்பார்கள்.

"தப்பு என்னுதுங்க" என்றான். "எனக்குத் தெரியாது. கேட்டிருக்கோணும். இனி உங்களைக் கேக்காம எதையும் தொடமாட்டேன்." இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் கைகட்டி நின்றுகொண்டான்.

ஐந்து வருஷத்தில் இந்த ஷெட்டுக்குள் ஓர் ஆண் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. என்னவோ மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. எண்ணை மாற்றிப் பட்டனை அழுத்தினாள். அளந்தபோது சரியாக இருபது. பேரிங் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மணி மூன்று ஐந்து. ஷாஃப்ட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கியவன் அவளையே பார்த்து நின்றான். அவளே அதட்டினாள். "நில்லாதீங்க, போங்க."

பைக் மழைக்குள் மறைந்த பிறகுதான் உறைத்தது, போன் நம்பர் கூட வாங்கவில்லை.

எல்லாவற்றையும் துடைத்து, மாலையைத் திரும்பப் போட்டு, வீட்டுக்குப் போகையில் நாலேகால். நகத்தில் எண்ணெய்க் கறையோடுதான் காபித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா அந்த நகத்தைப் பார்த்தாள். "எங்க வூட்டுக்கு வந்தா இதெல்லாம் விட்டுப்போடோணும் கண்ணு."

"அதை விட முடியாதுங்க" என்றாள் யுவஸ்ரீ. குரலை உயர்த்தவில்லை. வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அம்மா அவளோடு பேசவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் பட்டறைக்கு வந்த அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கற்பூரம் ஏற்றிவிட்டு, வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனாள். யுவஸ்ரீயின் காது மட்டும் ரோட்டில் இருந்தது. பிழைத்ததா... இல்லையா...

பைக் வந்து நின்றது.

"எரநூறு முட்டை போச்சுங்க" என்றான் ஜெகதீஸ்வரன், படியிலேயே நின்றபடி. "மீதியெல்லாம் வெளக்குல புடிச்சுப் பாத்தோம். உள்ள துடிக்குதுங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"ஒண்ணு கேக்கலாங்களா... நீங்க என்ன கூட்டமுங்க?"

இந்தப் பக்கத்தில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, அதோடு முடிந்தது. நேற்று இரவு முழுக்க அவளும் இதைத்தானே நினைத்துப் பயந்தாள்...

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

"செம்பனுங்க."

அவள் மூச்சை விட்டாள். "நாங்க பயிரன்."

வேறு வேறு கூட்டம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. நேத்து டார்ச் அடிக்கையிலயே. பாதி நகர்ந்தாப் போதும்னு சொன்னீங்க... நான் பூராவும் வந்துட்டேன்."

வாசலில் பூசணிக்காய் உடைபடும் சத்தம் கேட்டது. யுவஸ்ரீ மிஷினின் சுவிட்சைப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"பூராவும் வந்தா வேலை கெட்டுப்போயிரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே, கேட்டீங்களா? பாதியோட நில்லுங்க" என்றாள். "மீதிப் பாதி நான் நேத்தே வந்துட்டேனுங்க."