ஒரே இடத்தில் சுடும் டீ

காலை 7:40. பாச்சாங் வட்டாரத்தில் கமலவேணி நடத்தும் குழந்தைக் காப்பகத்தின் வாசலில் பெற்றோர் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். காரணம், மளிகைக்கடை நூர்தீன் வாட்ஸ்அப் குழுவில் போட்ட குரல்பதிவு: “என் மக இனாயாவுக்கு வாயெல்லாம் புண்ணு. கை, கால், வாய் நோய்! கமலவேணி நர்சரியிலதான் ஒட்டிக்கிச்சு. இழுத்து மூடச் சொல்லுங்க!”

9:15. சுகாதார ஆய்வாளர் மலர்க்கொடி வந்தார். மிச்சமிருந்த பிள்ளைகளின் வாய், கை, கால் பார்த்தார். சுத்தம். போன பிள்ளைகளின் வீடுகளுக்கு அழைத்துக் கேட்டார். யாருக்கும் புண் இல்லை. ஊட்டிவிடும் கமலவேணியின் உதட்டையும் விடாமல் பார்த்தார்; அங்கும் புண் இல்லை.

“மூடிருவீங்களா, மேடம்?” என்று கேட்டார் கமலவேணி.

“இங்கேருந்து பரவியிருந்தா மூடத்தான் வேணும்.”

“பரவலன்னாலும் பேரு போச்சே லா. இனிமே யாரு புள்ளைய விடுவா?”

11:00. நூர்தீனின் கடை. அவர் மனைவி லத்தீஃபாவின் மடியில் ஒன்றரை வயது இனாயா சிணுங்கிக்கொண்டிருந்தாள். ஈறு வீங்கிச் சிவந்திருந்தது, தொட்டால் இரத்தம். நாக்கிலும் உதட்டிலும் புண். உள்ளங்கையும் பாதமும் மட்டும் பளிச்சென்று இருந்தன.

நூர்தீன் ஆய்வாளருக்குப் பேரீச்சை நீட்டுமுன், அதே பெட்டியில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

“ருசி பார்க்காம எதையும் கைமாத்த மாட்டேன், மேடம். தொழில் சுத்தம்.”

பிறகு ஐஸ் காப்பியை ஸ்ட்ரா வைத்து வாயின் இடப்பக்கமாக உறிஞ்சினார். வலப்பக்க உதட்டோரம் பற்பசை பூசியிருந்தது.

“அங்க என்ன, அண்ணே?”

“போன வாரம் டீ சுட்டுருச்சு.”

லத்தீஃபா சிரித்தாள். “நோன்பு மாசத்துக்கு முந்தி சரக்கு எறங்குனா இவருக்குத் தூக்கம் கிடையாது, டீ சுடும். தீபாவளிச் சரக்கு வந்தப்பவும் அதே இடத்துலதான் சுட்டுக்கிட்டாரு!”

“பாப்பாவுக்கு ராத்திரிக் கஞ்சி யாரு குடுக்கிறது?”

“நான்தான்,” என்றார் நூர்தீன், பெருமையாக.

“எந்தக் கரண்டியில ருசி பார்ப்பீங்க?”

நூர்தீன் உறிஞ்சுவதை நிறுத்தினார். “ஊட்டுற கரண்டியிலதான்...”

“கை, கால், வாய் நோய்னா பொதுவா உள்ளங்கையிலயும் பாதத்துலயும் கொப்புளம் வரும். இவளுக்கு இல்ல. ஈறு இப்படி வீங்குனா அது ஹெர்பிஸ் வைரஸ் வேலையா இருக்கும்; டாக்டர் பார்த்து உறுதிப்படுத்தட்டும். நர்சரியில யாருக்கும் புண் இல்ல. டீ எங்க வேணும்னாலும் சுடும், அண்ணே. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல சுடாது. இந்த வைரஸ் ஒடம்புல ஒளிஞ்சிருந்து, தூக்கம் கெட்டா அதே இடத்துல எழும்பும். கரண்டி வழியா மகளுக்குப் போயிருக்கணும்.”

நூர்தீனின் குரல் இறங்கியது. “குடுத்தது நானா? புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?”

“ஆறிரும். குளிர்ந்த பால், தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. குடிக்கவே மறுத்தா உடனே ஆஸ்பத்திரி. ஆறுற வரைக்கும் வீட்டுலயே வைங்க. உங்க புண் காயாம முத்தம் கூடாது. சரி, கமலவேணிக்கு என்ன பதில்?”

“தனியாப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கறேன் லா.”

“காலையில மொத்த வியாபாரம் பண்ணிட்டு, இப்ப சில்லறையில முடிக்கப் பாக்குறீங்களே!”

நூர்தீன் பேரம் பேசும் முகத்தோடு பார்த்தார். மலர்க்கொடி படியவில்லை. நூர்தீன் கைப்பேசியை எடுத்து, அதே வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, புண் இல்லாத பக்கமாகப் பேச ஆரம்பித்தார்.