குழாய் இழுத்த மூச்சு

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் விமலநாத நயினாரின் கழனிக்கு ஆதிகேசவன் வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எழுபத்து நாலாம் வருஷத்துக் கோடை. போர்க்கிணறு தூர்ந்து தண்ணீர் நின்றுபோய், கதிர் விடுகிற நேரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பயிர் போனால் நயினார் வீட்டில் சோற்றுக்கே திண்டாட்டம்.

ஆதிகேசவனுக்குப் பழகிய வேலைதான். பெரிய சக்கரத்தில் சுற்றிய நீளக் கறுப்புக் குழாய். நடுவில் ஒட்டே கிடையாது. அதைப் போருக்குள் இறக்கி, கம்ப்ரசரால் காற்றை அழுத்தினால், அடியில் படிந்த சேறு கொப்பளித்து மேலே வரும். வந்தது. அழுகல் வீச்சம் அடித்தது. பிறகு சேறு வருவதும் நின்றது.

என்ன கோளாறென்று பார்க்க, எஞ்சினை அணைத்துக் குழாயின் முனையைக் கம்ப்ரசரிலிருந்து கழற்றினான். மிச்சக் காற்று சீறி அடங்கியது.

பிறகு குழாய் காற்றை உள்ளே இழுத்தது.

விட்டது.

மறுபடி இழுத்தது.

முனையில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. குழாயை உருவிக்கொண்டு ஓடிவிடலாமென்று சக்கரத்தைப் பிடித்தான்.

நயினார் அவன் கையைப் பற்றினார். எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற சமண வீட்டு மனுஷர்.

"வாணாம்பா. உள்ள ஒரு உசுரு மூச்சு விட்டுக்கினு இருக்குது. பயிரு போனா போவட்டும்."

பேய்க்கு யாராவது இரக்கம் பார்ப்பார்களா? ஆதிகேசவனுக்கு எரிச்சலாக வந்தது. குழாய் போனால் அவன் பிழைப்பும் போச்சு. நயினார் அசந்த நேரம் பார்த்துக் குழாயை மடக்கி இறுக்கினான். மூச்சு நிற்கட்டும், அப்புறம் உருவிக்கொள்ளலாம்.

நின்றது.

அவனுடைய மூச்சு.

நெஞ்சு விம்மியது; காற்று வரவில்லை. கண் இருட்டியது. கை தளர்ந்து மடிப்பு விட்ட பிறகுதான் தொண்டை திறந்தது. அவன் இரைக்க இரைக்க, குழாயும் கூடவே இரைத்தது.

"நயினாரே, இந்த ஓஸு கொழாயி இங்கியே கெடக்கட்டும். யாரும் தொடாம பாத்துக்கோங்க," என்று கெஞ்சினான். அவர் பக்கத்திலேயே காவல் இருப்பதாக வாக்குக் கொடுத்தார்.

அந்த இடத்தை விட்டுப் போனால் போதுமென்று, எஞ்சினையும் அதை ஏற்றி வந்த வண்டியையும் அங்கேயே விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் பஸ் ஏறினான். ஜன்னலோரம் நல்ல காற்று. சற்றுத் தெம்பு வந்தது. ஐயம்பேட்டையைத் தாண்டும்போது தொண்டை அடைத்தது.

"இன்னாப்பா, இன்னா பண்ணுது?" கண்டக்டர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பதில் சொல்ல அவனிடம் காற்று இல்லை. அங்கே கழனியில் யாரோ குழாயின் மேல் கால் வைத்துவிட்டார்கள். தெரியாமல் மிதித்திருந்தால் இந்நேரம் காலை எடுத்திருப்பார்கள்.

எடுக்கவில்லை.