முதல் குடம்

ஊற்றடியில் காக்கைகளைக் காணோம். உப்பளத்து வரப்பில் கால் வைத்ததுமே ஆரோக்கியராஜ் அதைக் கவனித்துவிட்டார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரிப்பு நீர் தேங்கிய பாத்திகள். நடுவே அந்தப் புன்னை மரத்தடியில் மட்டும் நல்ல தண்ணீர் சுரக்கும். விடியும்போது காக்கைகள் எல்லாம் அங்கேதான் கத்திக்கொண்டிருக்கும். இன்று கிழக்கு வெளுத்தும், பாத்திகளின் அழுகல் வாடையையும் தன் செருப்புச் சத்தத்தையும் தவிர அவருக்குத் துணையாக எதுவும் இல்லை.

ஊரில் கோயில் எழும்புவதற்கு முன்னால், கடல் வழியாக வந்த வெள்ளைக்காரச் சாமியார் அந்தப் புன்னையின் கீழே பாறைமேல் பூசை வைத்தார் என்பார்கள். ஊற்றில் முதன்முதலாகத் தலை நனைத்து ஞானஸ்நானம் பெற்றவர் ஆரோக்கியராஜின் மூதாதை. அதனால் ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று முதல் குடம் மொள்ளும் உரிமை அவர்கள் வீட்டுக்கு. அதற்கு முந்தைய ஒன்பது நாளும் ஊற்றின் கம்பிக் கதவு பூட்டிக் கிடக்கும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். இன்று திருநாள்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த கொளஞ்சி நிமிர்ந்தாள்.

"இன்னா பெரியவரே, சாமி தண்ணி கரிக்குதாமே?"

"எவ சொன்னா?"

"காக்காதான் சொல்லுது. ஒம்போது நாளா ஒண்ணுகூட எறங்கல. உங்க பூட்டப் பாத்து பயந்துடுச்சோ இன்னாவோ." சிரித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "கிருபா வருதா?"

"உன் வேலையப் பாரு."

கிருபா அவருடைய மகள். இதே அளத்தில் கூலி வேலை செய்யும் சிலம்பரசனைக் கட்டிக்கொண்டு போனவள். போன வருஷம், திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாசலில் வந்து நின்றாள். கையில், பிறந்து நாலே நாளான பிள்ளை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறோம்ப்பா. தாங்காதுன்றாங்க. சாவியக் குடு. நம்ம ஊத்துத் தண்ணிய ஊத்தி ஒரு பேராவது வச்சிடறேன்."

"திருநாளுக்கு வா. முதல் குடம் எடுத்தப்புறம் பாக்கலாம்."

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க எந்தத் தண்ணீரும் போதும். யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். கிருபாவுக்கு அது தெரியாது. கோயிலில் மந்திரம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் மகனான அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் வாய் திறக்கவில்லை. பாண்டி போகும் வழியில் கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் பிள்ளை அடங்கிப்போனது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டும் அவர் போகவில்லை. புன்னைக்கு நாலடி தள்ளி, இந்த வரப்பிலேயே சிலம்பரசன் அதைப் புதைத்தான்.

பூட்டின்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. திறந்து உள்ளே போய், வழக்கப்படி கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு படியிறங்கினார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

கரித்தது. கடலைவிடக் கரித்தது.

தூரத்தில் பேண்டு வாத்தியம் கிளம்பிவிட்டது. ஊரே வந்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, உதட்டை நக்கிப் பார்த்து, எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முதல் குடம் அவருடையது. கொண்டுவந்த குடத்தை உள்ளே அமிழ்த்தித் தூக்கினார்.

கனத்தது. மறுபடி இழுத்தார். விளிம்போடு ஏதோ வெள்ளையாக வந்தது. அளத்தில் கிடக்கும் முள்ளில்கூட உப்பு பூக்கும், அவர் பார்க்காததல்ல.

ஆனால் இதற்கு விரல்கள் இருந்தன.

ஐந்து. நெல்மணி அளவு நகங்கள். பிறகு தோள். பிறகு, தண்ணீர் ஊற்றத் தோதாகப் பின்னால் சாய்ந்த தலை. உதடு மட்டும் நீலம்.

அவர் கையை நீட்டினார். அது ஏறிக்கொண்டது. ஜில்லென்று.

என்ன பேர்? கிருபா எந்தப் பேரை நினைத்திருந்தாள்? கேட்டதேயில்லை. தன் பேரையே சொன்னார். "ஆரோக்கியராஜ். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே..." ஊற்றினார். தண்ணீர் பட்ட இடமெல்லாம் உப்பு படர்ந்தது. அழத் திறந்த வாய் மூடிக்கொண்டது.

மேலே கம்பியைப் பிடித்தபடி கொளஞ்சி. கையில் தண்ணீர் பாட்டில்.

"ஐயோ, பெரியவரே! உப்பு உங்க மேல ஏறுது, கதவத் தொறங்க! இந்தாங்க, நல்ல தண்ணி, மொகத்துல ஊத்துங்க!"

நல்ல தண்ணீர்.

அவர் பிள்ளையை மார்போடு மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

"வேணாம்மா. வேணாம். கரைஞ்சிடுவான்."

வாத்தியம் வரப்பில் ஏறியது. அவர் மறுபடி ஊற்றினார். பிள்ளை ஒரு சுற்று வளர்ந்தது. மறுபடி. சின்னக் கை ஒன்று அவர் கழுத்தைச் சுற்றி வளர்ந்து, பிடரியில் இன்னொன்றோடு கோத்துக்கொண்டது. இடுப்புச் சாவி உப்புக்குள் புதைந்துவிட்டது. வெள்ளை அவர் தாடை வரை ஏறியிருந்தது.

"பிதா," என்றார். "சுதன்..."

அடுத்த குடத்தை மொண்டார்.