இலையின் இடது மூலை

காலை ஒன்பதே முக்காலுக்கு மாயவன் ஒரு கடிகாரம் வரைந்தார்.

வட்டம் சரியாக இருந்தது. ஆனால் பன்னிரண்டு எண்களும் வலப்பக்கமே நெருக்கியடித்து நின்றன, மழைக்கு ஒரே சுவரில் ஒதுங்கியவர்களைப் போல. இடப்பக்கம் வெறுமையாக இருந்தது.

"முடிஞ்சுதுங்க," என்றார்.

எதிரே சுகிர்தம் அக்கா உட்கார்ந்திருந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில், அடிபட்டவர்களுக்குப் பழைய வேலையை மறுபடி பழக்குபவர் அவர். மாயவனின் இடப்பக்கம் மகள் காவேரி நின்றாள். வந்ததிலிருந்து அங்கேதான் நின்றாள். ஐந்தாம் வகுப்பு.

மாயவன் அரூரில் பஸ்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. காயம் ஆறிவிட்டது. கண்ணில் குறையில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மங்கிப்போன 'மொரப்பூர்' பலகைக்கு மேலெழுதியபோது, 'பூர்' மட்டும்தான் பளபளத்தது.

"பூருக்கு எத்தனை மணிக்கு வண்டி, மாயவா?" என்று பஸ் நிலையமே சிரித்தது.

பஸ் முதலாளி பெரியண்ணன் சிரிக்கவில்லை. "ஆடி பொறக்கற வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற ஆளுதான்."

அன்றிலிருந்து அப்பா பிரஷ்ஷைத் தொடவில்லை.

"வீட்டுல எப்படிங்க?" என்று சுகிர்தம் கேட்டார்.

"சோத்துலதான் சண்டை," என்றாள் அம்மா ராணியம்மாள். "இலையோட இடது மூலையில உப்பு வெக்கறேன். வெக்கவே இல்லைங்கறாரு!"

"வெக்கல," என்றார் அப்பா.

"நான் இலையத் திருப்பிப் போட்டா, இப்பத்தான் வெச்சியான்னு கேப்பாருங்க அக்கா," என்றாள் காவேரி.

"இலையத் திருப்பக் கூடாதுன்னு நான்தான் திட்டினேன்," என்றாள் அம்மா, மெதுவாக.

சுகிர்தம் பென்சிலைக் கீழே வைத்தார். "நல்லாப் பாத்திருக்க, காவேரி. கண்ணு சரியாத்தான் இருக்கு. அப்பாவோட மூளை இடது பக்கம் போக மறந்துடுது."

காவேரி கடிகாரத்தின் வெறும் பாதியைப் பார்த்தாள். அங்கே மார்கழிப் பனி இறங்கியிருப்பது போலிருந்தது. பனிக்குள் பாதி ரோடு. பாதி புளியமரம். அதற்குள்ளேதான் உப்பும் இருக்கிறது, 'மொரப்'பும் இருக்கிறது. யாரும் அங்கே போவதில்லை.

பனியில் பஸ் வந்தால் முதலில் என்ன தெரியும்? விளக்கு.

அவள் சடையிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவினாள். காகிதத்தின் இடது ஓரத்தில் நீளமாக வைத்து விரலால் அழுத்திக்கொண்டாள்.

"அப்பா, சிவப்பு தெரியற வரைக்கும் வாங்க."

அப்பா குரலை வலப்பக்கம் தேடினார். "எங்க சிவப்பு?"

"அந்தப் பக்கம் இல்ல. இப்படி வாங்க. இன்னும். இன்னுங் கொஞ்சம்."

பாரவண்டி திரும்புவது போல அவர் தலை திரும்பியது.

"அட! ரிப்பன்." பிறகு வெறும் பாதியைப் பார்த்தார். "யாரு இவ்வளவு இடத்தை வீணாக்குனது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுகிர்தம் வேறு காகிதம் கொடுத்தார். காவேரி ரிப்பனை அதற்கு மாற்றினாள். ஆறு கீழே இறங்கியது. ஏழும் எட்டும் மெல்ல ஏறின. ஒன்பது ரிப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"பலகையிலயும் மொதல்ல இடது ஓரம் சிவப்புக் கோடு போடுங்க. அதைப் பாத்துட்டுத்தான் எழுதணும். தினம் பழகணும்," என்றார் சுகிர்தம்.

"ஆடிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குங்க," என்றார் அப்பா. பிரஷ் பிடிப்பது போல அவர் விரல்கள் குவிந்தன.

அவர் பார்வை ரிப்பனைத் தொட்டது. ரிப்பன்மேல் ஒரு சின்ன விரல். விரலுக்கு மேலே ஒரு கை. கைக்கு மேலே அவிழ்ந்த சடை.

"அட, காவேரி! நீ எப்பம்மா இந்தப் பக்கம் வந்தே?"