பிடி விடாத கை

பிறைக்கட்டைகளில் ஒன்று விழவில்லை.

தெய்வத்திடம் குறி கேட்க, மூங்கில் வேரில் செதுக்கிய இரண்டு கட்டைகளையும் லியென் அந்த வீட்டுக் கூடத்தின் தரையில் போட்டிருந்தான். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் ‘ஆம்’. இரண்டும் கவிழ்ந்தால் ‘இல்லை’. ஒன்று மல்லாந்து கிடந்தது. மற்றது தன் மெல்லிய விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, எதிலும் சாயாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் பிடித்து நிறுத்தியதைப் போல. வெளியே தைவானின் கீலுங் நகரத்து மழை, நேற்றும் அதற்கு முன்பும் பெய்த அதே மழை, ஜன்னல் தகரத்தின் மேல் சலிக்காமல் பெய்துகொண்டிருந்தது. பகல்தான். ஆனாலும் குழல்விளக்கு எரிந்தது.

“என்ன சாமி, உன் தெய்வத்துக்கே பதில் தெரியலையா?” என்றார் ஜியான் அக்கா. குற்றப்பிரிவின் தலைவி. ஸ்டேஷனில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அந்த வீட்டுப் பெண் செத்துவிட்டாளா என்றுதான் லியென் கேட்டிருந்தான். கட்டை இப்படி நின்று அவன் பார்த்ததேயில்லை.

காணாமல் போனவள் யுன்-ஷியூ. கணவன் வெங், துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் பழுது பார்ப்பவன். காலையில் சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள், குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, செருப்பு வாசலிலேயே கிடந்தது என்று சொன்னான். வாசல் கேமராவிலும் அவள் வெளியே போகவில்லை. வீட்டைப் புரட்டிப் பார்த்தாகிவிட்டது. போலீஸ்காரர்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். வெங்கும் அதைப் புரிந்துகொண்டவன் போலத் தலையைத் தொங்கப்போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். வாயில் அடக்கிய பாக்கை மெல்லக்கூட மறந்திருந்தான்.

அதனால்தான் லியெனைக் கூட்டிவந்தார் அக்கா. லியென் போலீஸ்காரன், கோயிலில் முறைப்படி தீட்சை வாங்கிய தாவோ மதப் பூசகனும்கூட. அவன் பெயர் சொல்லி அழைத்தால் செத்தவர்கள் வருவார்கள். உயிரோடிருப்பவர்கள் வரமாட்டார்கள். வருகிறவர்கள் அவனுடைய இடது கைக்குள் வருவார்கள். ஆற்றில் போனவர்களின் சேறு, லாரிச் சக்கரத்தின் சூடான ரப்பர், முகத்தில் அழுத்திய தலையணையின் துணி, எது கடைசியோ அது அவன் விரல்களில் தெரியும். வழக்கு முடியும். அறிக்கையில் ‘ரகசியத் தகவல்’ என்று எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் போகும்போது அந்தக் கையில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். முதலில் சுண்டுவிரல் மரத்தது. இப்போது மணிக்கட்டு வரைக்கும் அது அவனுடையது இல்லை.

கையோடு நின்றதா என்றும் தெரியவில்லை. போன வருடம் மனைவி பிரிந்து போனபோது அவளுடைய பெட்டிகளை அவனே மாடியிலிருந்து இறக்கி டாக்சியில் வைத்தான். பெட்டி கனமாக இருந்தது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. மீன் உருண்டை சூப்பில் இஞ்சி இருக்கிறதா என்பதைக்கூட இப்போதெல்லாம் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

ஊதுபத்தியைக் கொளுத்தி, யுன்-ஷியூவின் கம்பளிச் சட்டையின் மேல் இடது கையை வைத்தான்.

“யுன்-ஷியூ. வீட்டுக்கு வா. யுன்-ஷியூ.”

மழை. குளிர்பதனப் பெட்டியின் முனகல். வெங் எச்சில் விழுங்கும் சத்தம்.

பிறகு, அவன் கையை யாரோ பிடித்தார்கள்.

தண்ணீர் இல்லை, சேறு இல்லை, துணி இல்லை. ஒரு கை. விரல்களுக்கிடையில் விரல்களைக் கோத்த, கொஞ்சம் ஈரமான, சமையல் செய்த ஒரு பெண்ணின் கை. இத்தனை வருடங்களில் வந்தவர்கள் எல்லோரும் குளிர்ந்திருந்தார்கள். இது கதகதப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியபோது லியென் கண்ணை மூடிக்கொண்டான். எதையாவது உணர்வது இப்படித்தான் இருக்கும் என்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

“என்னடா? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?”

“கை சூடா இருக்கு அக்கா.”

“சூடுன்னா? உசுரோட இருக்காளா?”

“உசுரோட இருக்கறவங்க வர மாட்டாங்க.”

“அப்போ செத்துட்டாளா? ஏதாவது ஒண்ணு சொல்லுய்யா. அந்த ஆளைப் பாரு, இப்பவே பாதி செத்துட்டான்.”

ஊதுபத்தியை அணைத்து, அனுப்பிவைக்கும் மந்திரத்தைச் சொன்னான் லியென். எப்போதும் அந்த வார்த்தைகளோடு பிடி தளர்ந்துவிடும். இப்போது தளரவில்லை. இன்னொரு முறை சொன்னான். விரல்கள் இறுகின.

இழுத்தன.

பலமாக இல்லை. கடைவீதியில் பிடித்த கடையைப் பார்த்துவிட்டவள் கூட வருபவனை இழுப்பாளே, அப்படி. லியென் எழுந்தான். கை முன்னால் போயிற்று, அவன் பின்னால் போனான். கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள், ஆறிப்போன கஞ்சிப் பானையைத் தாண்டி, பாத்திர அலமாரிக்கு முன்னால்.

“இதுக்குப் பின்னாடி என்ன?”

வெங் சமையலறை வாசலில் நின்றான். “மலைதாங்க சார். சண்டைக் காலத்துல குண்டு போட்டப்ப ஒளியறதுக்கு வெட்டுன சுரங்கம். இந்தத் தெருவுல எல்லா வீட்டுக்கும் பின்னாடி இருக்கு. எங்கப்பா வீடு வாங்கறதுக்கு முன்னாடியே அடைச்சுட்டாங்க. யாரும் திறந்ததில்ல.”

அலமாரியை நகர்த்தினார்கள். பழைய சிமெண்டுச் சுவர். பாசி படர்ந்து, ஒரு கீறலும் இல்லாமல் கறுத்திருந்தது. ஜியான் அக்கா நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“சாமி, இதுக்குள்ள எப்படிடா ஒரு ஆள் போக முடியும்?”

“தெரியல அக்கா. உள்ளதான் இருக்கா.”

வெங் ஓடினான். பெரிய சம்மட்டியோடு திரும்பி வந்தவன் யாரையும் கேட்கவில்லை. அடித்தான். கொலை செய்தவன் இப்படி அடிக்கமாட்டான் என்று லியென் நினைத்தான். அழுதுகொண்டே, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே அடித்தான். பாசி உதிர்ந்தது, சிமெண்டு உதிர்ந்தது, உள்ளே செங்கல் பெயர்ந்து இருட்டுக்குள் விழுந்தது.

பிண நாற்றம் வரும் என்று அக்கா மூக்கைப் பொத்தினார். வரவில்லை. மழை நாளில் ஜன்னல்களை மூடிய பேருந்துக்குள் ஏறினால் அடிக்குமே, நனைந்த துணியும் வேர்வையும் பலபேர் மூச்சும் கலந்த ஒரு வாடை, அது வந்தது. வெதுவெதுப்பாக வந்தது.

“நீ இங்கயே நில்லு,” என்றார் அக்கா வெங்கிடம். “ஸ்டேஷன்ல இருந்து வண்டி வருது. அதுவரைக்கும் உள்ள வரக்கூடாது. புரியுதா?”

லியென் முதலில் நுழைந்தான். அக்கா டார்ச்சோடு பின்னால் வந்தார். தரை சறுக்கியது. பாறையிலிருந்து நீர் சொட்டியது. ஒரு சொட்டு. பிறகு நெடுநேரம் கழித்து இன்னொன்று. நகரத்தின் சத்தம் எதுவும் இல்லை. மழைகூட இல்லை.

டார்ச் வெளிச்சம் சுவரோரமாக நகர்ந்தது.

அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசையாக, பாறையில் முதுகு சாய்த்து, முழங்காலை மடக்கி. பெரியவை, சிறியவை. துணி மக்கிப்போயிருந்தது. எலும்பு வெளுத்திருந்தது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்திருந்தார்கள். வரிசை உள்ளே போயிற்று. வெளிச்சம் தீர்ந்த பிறகும் போயிற்று.

இந்த முனையில், பூப்போட்ட வீட்டுச் சட்டையில், யுன்-ஷியூ.

கண் திறந்திருந்தது. உயிர் இல்லை. முகத்தில் வலி இல்லை. அவளுடைய ஒரு கை எலும்பு விரல்களுக்குள் இருந்தது. மறு கை எதையோ பிடித்திருந்தது.

லியென் குனிந்து பார்த்தான்.

அவன் கையைப் பிடித்திருந்தது.

எப்போது நீட்டினான், எப்போது குனிந்தான் என்று தெரியவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. மனசுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒரு ஆள் கத்திக்கொண்டும் இருந்தான், அவனேதான். ஆனால் சூடு தோளுக்கு ஏறியது. நெஞ்சுக்கு இறங்கியது. நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. கால்கள் மடங்கின. முதுகு பாறையைத் தொட்டது.

“லியென்? டேய். எந்திரி.”

அவனுடைய வலது கை எழுந்தது. அவன் எழுப்பவில்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி, திறந்து, அக்காவை நோக்கி நீண்டது.

தொடாதீங்க என்று சொல்ல நினைத்தான். வாய் திறக்கவில்லை.

“விளையாடாத. வா, போலாம்.” அவர் அந்தக் கையைப் பற்றி இழுத்தார்.

இழுத்தவர் நின்றார்.

“அட,” என்றார் மெல்ல. “எவ்ளோ கதகதப்பா இருக்கு.”

டார்ச் விழுந்து உருண்டது. ஜியான் அக்கா, பேருந்தில் இடம் கிடைத்தவரைப் போல, ஒரு பெருமூச்சோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலை மடக்கிக்கொண்டார்.

சுவர்த் துளையில் சமையலறை வெளிச்சம். அதில் வெங்கின் தலை.

“அக்கா? அவ இருக்காளா? உசுரோட இருக்காளா?”

ஜியான் அக்காவின் மறு கை மட்டும் மெதுவாக இருட்டைத் தாண்டி அந்த வெளிச்சத்துக்குள் நீண்டது, விரல்களை விரித்துக்கொண்டு. வெங் சம்மட்டியைக் கீழே வைத்தான்.