மூன்றாம் எண் பஸ்

காலை 9.10. பள்ளி பஸ் ஓட்டும் டிரைவர் ஆஸ்பத்திரி மேட்ரன் அறைக்குள் வந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, இடது கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு மூலையில் நின்றார். பதினெட்டு வருட வேலை நேற்று பறிபோயிருந்தது. அதைப் பறித்த மொட்டைக் கடிதத்தின் நகலை மேசைமேல் வைத்தார்.

‘மூன்றாம் எண் பஸ் டிரைவருக்கு வலிப்பு. நரம்பு வார்டில் ஐந்து நாள் இருந்தார். தினம் இரண்டு வேளை மாத்திரை.’

“எனக்கு வலிப்பே கிடையாதும்மா. சொன்னா பிரின்சிபால் சிரிக்கிறாரு.”

மேட்ரன் இரண்டு முறை படித்தாள். வார்டு சரி, நாள் சரி, மாத்திரை சரி. நோய் மட்டும் தப்பு. வேண்டுமென்றே பொய் சொல்கிறவர் இத்தனை நிஜத்தைத் தேடி எடுத்து அதில் கலக்கமாட்டார். எழுதியவர் நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

9.40. டாக்டர் வெளியூர் போய் ஒரு வாரமாகிறது. இவருடைய சிகிச்சை தெரிந்தவர்களில் மிஞ்சியது இரண்டு பேர். முதல் ஆள் ரெக்கார்டு கிளார்க், ஊரறிந்த ஓட்டை வாய்.

“கேஸ் ஃபைல் யார்கிட்ட?”

“அலமாரியிலதான் மேடம். சாவி எங்கிட்ட. போன வருஷம் ஒரு ஃபைல் வெளிய போய் வந்த வம்புக்கப்புறம் நர்சுங்களுக்குக்கூடக் காட்டுறதில்ல. மாத்திரைச் சீட்டு மட்டும் கீழ வார்டுக்குப் போகும்.”

மேட்ரன் ஃபைலை வாங்கிப் பார்த்தாள். தொழில்: டிரைவர். பஸ் என்றோ மூன்று என்றோ எங்கும் இல்லை. நோயின் பெயர் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

10.15. வார்டு நர்ஸ் வந்தாள். கெட்டிக்காரி. ஒரு ஊசி தப்பாகப் போட்டதில்லை.

“அந்த மாத்திரை எதுக்குக் குடுக்கறோம்?”

“வலிப்புக்கு மேடம்.”

“வேற எதுக்கு?”

“வேற எதுக்குமில்ல மேடம்.”

“முக நரம்பு வலிக்கும் அதே மாத்திரைதான். கன்னத்துல காத்து பட்டாலே உயிர் போற வலி. ஃபைலப் பாத்த கிளார்க் எழுதியிருந்தா நோய் சரியா இருந்திருக்கும். மாத்திரைய மட்டும் பாத்த ஆளுதான் வலிப்புன்னு நினைச்சிருக்கணும். மூணாம் நம்பர்னு தெரியணும்னா, தினம் அதுல ஒரு பிள்ளைய ஏத்திவிடணும். உன் பையன் எந்த பஸ்?”

நர்ஸ் மூலையில் நின்ற டிரைவரைப் பார்த்துவிட்டு மேட்ரன் பக்கம் திரும்பினாள்.

“நாப்பது பிள்ளைங்க மேடம். நான் ஒரு அம்மா.”

“எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா அரை நிமிஷம் ஆகியிருக்கும்.”

டிரைவர் மூலையிலிருந்து அவளையே உற்றுப் பார்த்தார்.

“பஸ்ஸுல வாந்தி எடுக்குமே, அந்தப் பையனா? அவனுக்காகத்தானே முன் சீட்டக் காலியா வெச்சிருந்தேன்.”

அவள் அவர் காலடியில் விழப்போனாள். அவர் துண்டோடு விலகிக்கொண்டார்.

“சர்ட்டிபிகேட் குடுங்கம்மா,” என்றார் மேட்ரனிடம். “ஃபைல்படி வலிப்பு இல்லன்னு எழுதிக் குடுத்தா வேலை திரும்பக் கிடைக்குமில்ல?”

மேட்ரன் பேனாவை எடுத்தாள். ஆனால் எழுதவில்லை. நர்ஸைப் பார்த்தாள்.

“இப்ப உனக்கு எல்லாம் தெரியும். வலிப்பு இல்ல; ஆனா ஓட்டும்போது கன்னத்துல காத்து பட்டா அந்த வலி வரும். நான் எழுதிக் குடுக்கறேன். நாளைக்குக் காலையில இவர் ஓட்டுற பஸ்ல உன் பையன ஏத்துவியா?”

நர்ஸ் தலைகுனிந்தாள்.

டிரைவர் துண்டைக் கன்னத்தில் சுற்றிக்கொண்டார். பிறகு, சர்ட்டிபிகேட் வாங்காமலே வெளியே போனார்.